துவாஸ் பக்கம் மூன்று கேட்டரிங், ஏழு மாதச் சாப்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. மூன்று பேர் முகத்திலும் இன்னும் முழிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒருவருடைய வேன் ஓட்டும் தம்பி எங்கள் பக்கத்து ஊர் வேறு. எங்கள் டார்மிட்டரியில் (சிங்கப்பூரில் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கும் விடுதி) யாரும் கடைப் பெயரைச் சொல்வதும் இல்லை, சாப்பாடு வருகிற பை நிறத்தைத்தான் சொல்வோம். பச்சைப் பை, சிவப்புப் பை, வெள்ளைப் பை. அப்படியே எழுதுகிறேன்.

நான் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை. சிங்கப்பூர் வந்து 11 வருடம் ஆகிறது. இதில் பத்தரை வருடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டரிங்காரர் யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சம்பளம் வந்ததும் பணத்தைப் பெரியண்ணன் (சொந்த அண்ணன் இல்லை, நாங்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிற மூத்தவர்) கையில் கொடுப்பேன். காலையில் கொக்கியில் பை தொங்கும், எடுத்துக்கொண்டு லாரி ஏறுவேன். உப்பு குறைந்தால் பெரியண்ணனிடம் சொல்வேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். எப்படிச் சரியானது என்று கேட்டதில்லை.

பெரியண்ணன் 2025 ஏப்ரல் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று கேட்டரிங் மாறி, சுற்றிச் சுற்றி முதல் இடத்துக்கே வந்து நிற்கிறோம். இதை வேறு யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். வயிற்று மாத்திரைக் காசும்.

வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சாப்பாடு எப்படி வருகிறது என்று தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கம். கேட்டரிங் சமையல்கூடத்தில் ராத்திரி 12, 1 மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். ஆயிரக்கணக்கில் பொட்டலம் போட வேண்டும், வேறு வழியில்லை. 3 மணிக்குக் கட்டி, நாலரைக்கு டார்மிட்டரி வாசலில் வைத்துவிடுவார்கள். ஒரே பையில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இருக்கும். நாங்கள் ஆறு மணிக்கு லாரி ஏறி, எட்டு மணிக்கு வேலை தொடங்கி, 12 மணிக்கு மதியப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தச் சோறு வெந்து பத்து மணி நேரம் ஆகியிருக்கும். சமைத்ததை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது சமையல்கட்டுப் பாடம். சிங்கப்பூர் வெயிலில், சாரத்துக் கம்பியில் தொங்குகிற பைக்குள் தேங்காய் போட்ட கூட்டு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கீழே வைத்தால் எலி. மேலே தொங்கவிட்டால் வெயில்.

பச்சைப் பையில் மட்டும் எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லாமல் இருந்தது. மாதம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). காலைப் பொட்டலம் விடியற்காலை வரும், மதியச் சாப்பாடு 11.30க்குத் தனி வேனில் சைட் வாசலுக்கே வரும். சோறு சுடச்சுட என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் சூடு தெரியும். ரசம் ரசமாக இருக்கும். புதன்கிழமை மீன், ஞாயிறு ராத்திரி கோழி. சாம்பார் மட்டும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர். மற்ற சைட்டில் வேலை செய்கிற நண்பர்கள், அதே கடை, அதே 150 வெள்ளி, மதிய வேன் கிடையாது என்று சொல்லும்போது நாங்கள் ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டோம்.

அதிர்ஷ்டமெல்லாம் இல்லை. பெரியண்ணன் மூன்று கம்பெனி ஆட்களைச் சேர்த்து 43 பேர் என்று கணக்குக் காட்டியிருந்தார். 30 பேருக்குக் குறையாமல் ஒரே வாசலில் இறக்கினால்தான் மதிய வேனுக்குக் கட்டுபடியாகும் என்பது அந்தக் கடைக்காரர் கணக்கு. ஒரே சைட்டில் வேலை செய்தாலும் மூன்று கம்பெனி ஆட்களும் ஒருவரோடு ஒருவர் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். அவர்களை ஒரே கொக்கியில் பை எடுக்க வைத்தவர் இவர்.

அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. பேராவூரணிக்காரர். கம்பி கட்டும் வேலையில் தொடங்கி ஃபோர்மேன் ஆனவர், 24 வருடம் இங்கே. சம்பளத் தகராறு என்றால் பெண்டமியர் ரோட்டில் மனிதவள அமைச்சு அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவது என்று சொல்லுவார். கேஸ் நடக்கிறது, வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை என்று நிற்கிறவனைக் கஃப் ரோடு இலவசச் சாப்பாட்டுக்கு அனுப்பிவைப்பார். 2020 ஏப்ரலில் டார்மிட்டரிகளை அடைத்தபோது நாங்கள் எல்லாரும் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இவர் மட்டும் அறை அறையாக வாசலில் நின்று யாருக்கு என்ன மாத்திரை தீர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் "அண்ணன்" என்பது "பெரியண்ணன்" ஆனது என்று நினைக்கிறேன்.

போன கதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அவருக்கு 60 முடிந்தது. வேலை பெர்மிட்டுக்கு அதுதான் அப்போது கடைசி வயது. ஆனால் ஜூலை 1 முதல் வயது 63 ஆகிறது என்று மார்ச் மாதமே அறிவிப்பு வந்துவிட்டது. "ரெண்டு மாசம் ஊர்ல இருந்துட்டு வாங்க, மறுபடி பெர்மிட் போட்டுக்கலாம்" என்று கம்பெனியிலும் சொன்னார்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். "மூணு வருஷம் முடிஞ்சா நீங்க இன்னும் மூணு வருஷம்பீங்கடா. மொழங்கால் கேக்காது" என்றார். முஸ்தபாவில் கோடாலித் தைலம் ஒரு டஜன், பேத்திக்கு ஒரு பள்ளிக்கூடப் பை, மைலோ. 24 வருடத்துக்கு ஒரே ஒரு பெட்டி. சாங்கி வரை ஆறு பேர் போனோம். திருச்சி விமானம். உள்ளே போகும் முன் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஏன் என் கையில் என்று தெரியவில்லை, பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நோட்டை நான் மூன்று மாதத்துக்கு மேல் பிரித்துப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் இருந்தது.

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. பழைய வேகத்தில் வண்டி ஓடியது. மே மாதப் பணம் கொடுக்கும்போதுதான் இடித்தது. எங்களுக்குச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்துவிடும். ஆனால் ஊருக்கு அனுப்புவது முதல் வேலை, சாப்பாட்டுக் காசு இரண்டாவது. மாதா மாதம் மூன்று நான்கு பேர் பிந்துவார்கள். அந்த 450, 600 வெள்ளியைப் பெரியண்ணன் தன் கைக்காசிலிருந்து போட்டு, கடைக்காரருக்கு எட்டாம் தேதியே முழுப் பணமும் கொடுத்திருக்கிறார். அப்புறம் மெதுவாக வசூல் செய்திருக்கிறார். இது எங்கள் யாருக்கும் தெரியாது. பிந்துகிறவனுக்கு மட்டும் தெரியும், அவன் சொல்ல மாட்டான்.

இந்தத் தடவை பச்சைப் பைக்காரர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் கொக்கியில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போனார். "பணம் வரவில்லை." பணம் கட்டியவனும் கட்டாதவனும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீயா நானா என்று ஆகிவிட்டது. 14 பேர் கோபித்துக்கொண்டு 125 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று சிவப்புப் பைக்குப் போனார்கள். ஆறு பேர் தாங்களே சமைத்துக்கொள்கிறோம் என்று குக்கர் வாங்கினார்கள். பெரியண்ணனும் போக மீதி 22. ஜூன் நடுவில் மதிய வேன் நின்றுவிட்டது. அதே 150 வெள்ளிக்குப் பத்து மணி நேரச் சோறு. கடைக்காரர் மேல் எனக்கு அப்போது இருந்த கோபம் இப்போது இல்லை. 22 பேருக்கு அவர் வேன் விடுவதற்கு அவருக்கும் நமக்கும் என்ன உறவு?

சரி, சிவப்புப் பை. ஜூலையில் மிச்சம் பேரும் அங்கே போய்விட்டோம். 125 வெள்ளி, மூன்று வேளை. அளவு தாராளம், அதை மறைக்கக் கூடாது. சோறு இரண்டு பேர் சாப்பிடலாம். காலையில் புரோட்டா கொடுப்பார்கள், ரப்பர் மாதிரி இருந்தாலும் வயிறு நிறையும். குறை என்னவென்றால் எல்லாக் குழம்புக்கும் ஒரே அடித்தளம். திங்கள்கிழமை உருளைக்கிழங்கு போட்டால் உருளைக்கிழங்குக் குழம்பு, செவ்வாய் முட்டை போட்டால் முட்டைக் குழம்பு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கிழமை தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாம்பார்ப் பையைப் பிரித்ததும் நுரை வந்தது. நாலு பேர் பார்க்காமல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார்கள், அன்று மாலை லாரியில் வரும்போது இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. போன் செய்தால் எடுப்பவர் "பாஸிடம் சொல்கிறேன்" என்பார். அந்த பாஸ் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. 10க்கு 4. அந்த நாலும் அளவுக்கு.

அன்று ராத்திரி நான் பேராவூரணிக்குப் போன் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் அதற்கு முன் ஒரு தடவைகூட அவரைச் சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிடவில்லை.

"அண்ணே, சாம்பார் புளிச்சுப்போச்சுண்ணே."

"அதுக்கு நான் இங்கேருந்து என்னடா பண்றது? மோந்து பாக்கவா?"

நான் பேசாமல் இருந்தேன். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"மொத்தம் எத்தன பேருடா இப்ப?"

"தெரியலண்ணே."

"அத மொதல்ல எண்ணு. நோட்டு எங்க?"

அப்போதுதான் நோட்டைப் பிரித்தேன். 43 பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருக்கெழுத்து. "வெ.சை" என்றால் வெள்ளிக்கிழமை சைவம். "கா.கு" காரம் குறைவு, அது மூலம் ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு ஆளுக்கு. நோன்பு மாதத்தில் ஐந்து பேருக்கு சஹர் சாப்பாடு முந்தின ராத்திரியே தனியாக வர வேண்டும் என்று ஒரு பக்கம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட தேதி. எந்த நாள் என்ன குறை சொன்னோம், எப்போது சரிசெய்தார் என்று ஒரு பத்தி. என் பெயருக்கு எதிரே "கேட்க மாட்டான், கேட்டு வைக்க வேண்டும்" என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வெள்ளைப் பைக்குச் செப்டம்பரில் போனோம், 140 வெள்ளி. சமையல் என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதலிடம். சமைப்பவர் காரைக்குடிப் பக்கம் என்று வேன் தம்பி சொன்னார், நாக்கே சொல்லிவிடும். மிளகு அரைத்துப் போட்ட கோழி, வாழைக்காய் வறுவல், வத்தக்குழம்பு. ஒரு சனிக்கிழமை கருணைக்கிழங்கு மசியல் வந்தது, எனக்கு அம்மா ஞாபகம் வந்து இரண்டு வாய் அப்படியே நின்றுவிட்டது. இவர்கள் 3 மணிக்குத்தான் அடுப்பு வைத்து 5.45க்கு வாசலுக்கு வருவார்கள், அதனால் மதியம் 12க்குக் கெட்டுப்போவது குறைவு. ஆனால் எங்கள் லாரி 6 மணிக்கு. 5.45 என்பது ஒரு சிக்னலில் நின்றால் 6.05. இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை பை வராமல் லாரி கிளம்பியது. ஒன்பது நாளும் பிஸ்கட்டும் கடைத் தண்ணீரும். வெயிலில் மேலே இரும்பு தொங்க, கீழே காலி வயிற்றோடு கை காட்டுவது நல்லதல்ல. லாரி ஏழு மணிக்குக் கிளம்புகிற டார்மிட்டரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைப் பை எடுங்கள். எங்களுக்குச் சரிப்படவில்லை. சமையலுக்கு 9, நேரத்துக்கு 3.

இதற்கிடையில் நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல், துணி காயப்போடுகிற இடத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்பது. முதல் வாரம் நாக்கு எழவில்லை. சைட்டில் வாக்கி டாக்கியில் நாள் முழுக்கக் கத்துகிறவன்தான், ஆனால் வேறு கம்பெனி ஆளிடம் போய் "நீங்க சாப்பாட்டுக்கு எங்க?" என்று கேட்க எனக்கு வியர்த்தது. ஆத்தூர்த் தம்பி ஒருவன் கூட வந்தான். அவன் போனில் பணம் வாங்கி அன்றைக்கே யார் கட்டினார்கள் என்று குரூப்பில் போட்டுவிடுகிறான். பெரியண்ணன் காலத்தில் யார் பாக்கி என்பது ரகசியம், இப்போது ஊருக்கே தெரியும். அது எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்காசு போட்டு மறைக்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை. பிந்துகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் இரண்டு பேர் பகிர்ந்து போடுகிறோம், பத்து நாள் தவணை. குக்கர் வாங்கிய ஆறு பேரில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து அடுப்புக்கு வரிசையில் நிற்பது எத்தனை நாள் நடக்கும்?

நவம்பர் முதல் தேதி பச்சைப் பைக்காரரை நானே போய்ப் பார்த்தேன். பென்ஜூருவில் அவர் வருவார் என்று காத்திருந்து பேசினேன். பெரியண்ணன் எப்படிப் பேசுவார் என்று மனதுக்குள் நடித்துப் பார்த்துக்கொண்டு போனேன், வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நோட்டைத்தான் காட்டினேன். பழைய குறைகள், அவர் சரிசெய்த தேதிகள், அவர் கையெழுத்தே இரண்டு இடத்தில் இருந்தது. பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அவரு நல்லாருக்காரா?"

இப்போது எங்களுக்கு இருக்கிற ஏற்பாடு இதுதான். மாதம் 150 வெள்ளி. 30 பேர் சேரும் நாள் முதல் மதிய வேன் திரும்ப வரும். அதுவரை மதியப் பொட்டலத்தில் சாம்பார், கூட்டு, தேங்காய்ச் சட்டினி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பதிலாகப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, வாரத்தில் இரண்டு நாள் தயிர்ச்சோறு. தயிர்ச்சோறு நான் சொன்னது. எங்கள் அம்மா பழனிக்குப் பஸ்ஸில் போகும்போது சோற்றைப் பாலில் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கட்டுவார், மதியம் பிரிக்கும்போது பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. சமையல்காரர் முதலில் சிரித்தார். இரண்டாவது வாரம் வேறு டார்மிட்டரிக்கும் அதையே அனுப்புகிறார் என்று கேள்வி. கூலி ஒன்றும் கேட்கவில்லை நான்.

குறைகள்: தண்ணீர்ச் சாம்பார் ராத்திரிச் சாப்பாட்டில் இன்னும் தண்ணீர்ச் சாம்பார்தான். அப்பளம் எப்போதும் நமத்துப்போய் வரும், அதை நிறுத்திவிட்டு ஊறுகாயைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், பதில் இல்லை. ரசப் பை கட்டுவது யார் என்று தெரியவில்லை, மூன்றில் ஒன்று ஒழுகும். மீன் புதன்கிழமை, நிச்சயம் எடுக்கலாம். மாலை போட்டிருக்கிற ஐந்து பேருக்குக் கார்த்திகை முதல் நாளிலிருந்து தனிப் பாத்திரச் சமையல் வருகிறது, பையில் மஞ்சள் நூல் கட்டி அனுப்புகிறார்கள். இதுவரை ஒரு நாளும் மாறவில்லை. மொத்தத்தில் 10க்கு 6 கொடுக்கிறேன். மதிய வேன் வந்துவிட்டால் 8.

பெரியண்ணனுக்கு ஞாயிறு ராத்திரி போன் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வயலில் தண்ணீர் நிற்கிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது, அதுதான். போன வாரம் மட்டும் போனை வைக்கும்போது, "எத்தன?" என்றார்.

27. இன்னும் மூன்று பேர் வேண்டும். துவாஸ் பக்கம் எங்கள் சைட் வாசலில் 11.30க்கு நிற்கக்கூடியவர்கள் யாராக இருந்தாலும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் துணி காயப்போடுகிற இடத்துக்கு வாருங்கள். நீல நோட்டோடு ஒருவன் நின்றுகொண்டிருப்பான்.